தோலுரிப்பவன் நாயகனாகும் ஊர்

மான்ஸ்டர் ஹண்டர் என்று ஒரு வீடியோ கேம். பெயரிலேயே கதை இருக்கிறது. பெரிய பெரிய மிருகங்களை வேட்டையாட வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம் 2004இல் இதைத் தொடங்கியது. பி.எஸ்.பி. என்ற கையடக்கக் கருவிக்கு வந்த பிறகுதான் அங்கே பெரும் மோகமாக மாறியது. 2008இல் ஜப்பானில் வெளியாகி, அடுத்த ஆண்டு ‘ஃப்ரீடம் யுனைட்’ என்ற பெயரில் பிற நாடுகளுக்குப் போன பாகம், ஜப்பானில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ரயில் நிலையங்களிலும் உணவகங்களிலும் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து ஆடினார்கள்.

இதைப் பற்றி இங்கே ஏன் எழுதுகிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு படிவம், ஒரு பையன், அவனுடைய அப்பாவின் தொழில் எல்லாம் இந்த விளையாட்டோடு சேர்ந்துதான் என் முன்னால் வந்து நின்றன.

குரும்பலூரில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள். ஊர்த் தெருவிலிருந்தும் நான்கைந்து பேர் வருவார்கள். படிப்பு முடிந்த பிறகு அரைமணி நேரம் செல்போன் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். பி.எஸ்.பி. கருவியை இவர்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எமுலேட்டர் போட்டு, கீறல் விழுந்த ஆண்ட்ராய்டு போனிலேயே அந்தப் பழைய விளையாட்டை ஆடுகிறார்கள். ஒருவன் ஹாட்ஸ்பாட் போட்டால் மற்ற மூவர் சேர்ந்துகொள்வார்கள். நால்வரும் திண்ணையில் உட்கார்ந்து கத்தும் சத்தம் பெரம்பலூர் சாலை வரைக்கும் கேட்கும்.

நான் ஆடத் தெரியாதவள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது நாளே எனக்கு ஒன்று பிடிபட்டது.

இந்த வகை விளையாட்டுகளில் ஆட ஆட நாயகனின் உடம்பில் பலம் ஏறும். இதில் ஏறாது. எத்தனை மிருகங்களைக் கொன்றாலும் வேட்டைக்காரர் அதே ஆள்தான். அவருக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? செத்த மிருகத்திலிருந்து. மிருகம் விழுந்ததும் அதன் பக்கத்தில் போய்க் குனிந்து, இடுப்புக் கத்தியை எடுத்து அறுக்க வேண்டும். பெரிய மிருகமென்றால் ஒருவர் வழக்கமாக மூன்று முறை அறுக்கலாம். ஒரு நிமிடம்தான் அவகாசம். செதில், தோல், எலும்பு, நகம் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுத்தால் கவசமாகவும் ஆயுதமாகவும் செய்து தருவார்கள். டைக்ரெக்ஸ் என்ற புலிவரி மிருகத்தின் தோலில் செய்த கவசத்துக்கு டைக்ரெக்ஸ் கவசம் என்றே பெயர். அதைப் போட்டுக்கொண்டு வருகிறவரைப் பார்த்தாலே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும், இவர் யாரை வீழ்த்தி, யார் தோலை உரித்தவர் என்று. போக்கே என்ற பனிமலை ஊரில் அவர் நாயகர். ஊர்த் தலைவி அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நான்கு பேர் சேர்ந்து வேட்டையாடினால் நான்கு பேரும் குனிந்து அறுக்கிறார்கள். கொல்வது ஒருவர், சுமப்பது ஒருவர், உரிப்பது ஒருவர் என்ற ஏற்பாடே அங்கு இல்லை. அறுத்தவருக்கே பங்கு.

எனக்கு என் தாத்தாவின் நினைப்பு வந்தது. அம்மாவைப் பெற்றவர். அவருடைய ஊரில் எந்தப் பட்டியில் மாடு செத்தாலும் அருந்ததியர் தெருவுக்குத்தான் ஆள் வரும். அது கூப்பிடுதல் அல்ல, உத்தரவு. வீட்டில் கல்யாணம் என்றாலும் போக வேண்டும். அறுவடைக் களத்தில் கடைசியாகக் கொடுக்கும் தானியம்தான் அதற்குக் கூலி. தாத்தா ஒரு கீறல் விழாமல் தோலை எடுப்பார் என்று அம்மாயி சொல்லும். சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரை நீக்கி, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு, கடுக்காய் சேர்த்துப் பதப்படுத்துவதெல்லாம் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தத் தோல் எங்கே போனது? செருப்புக்கும் வாருக்கும் மட்டுமல்ல. மின்மோட்டார் வருவதற்கு முன்னால் எங்கள் வட்டாரக் கிணறுகளில் கவலை ஏற்றம்தான். மாடு இழுக்க, தோலால் தைத்த பையில்தான் தண்ணீர் மேலே ஏறி வயலுக்குப் பாயும். நெல்லும் கம்பும் அந்தத் தோல் பைத் தண்ணீரில்தான் விளைந்தன. பையைத் தைத்தவர் மட்டும் கிணற்றைத் தொடக்கூடாது. தண்ணீருக்குப் படாத தீட்டு ஆளுக்கு எப்படிப் பட்டது? சமூகவியல் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் தூய்மை, தீட்டு பற்றி எத்தனையோ கோட்பாடுகள் படித்தேன். இந்தக் கேள்விக்கு நேரான பதிலை எதிலும் பார்க்கவில்லை.

படிப்பகத்தில் நடந்ததற்கு வருகிறேன்.

இந்த விளையாட்டில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். மிருகத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று இந்த விளையாட்டு திரையில் காட்டாது. அது நொண்டுவதைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். அவன் சரியாகக் கண்டுபிடிப்பான். அவனுடைய அப்பா சுற்றுவட்டாரக் கிராமங்களில் செத்த மாடுகளின் தோலை உரித்துத் திருச்சி வியாபாரிக்கு அனுப்புகிறவர். படிப்பகத்தில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை.

ஒரு நாள் அவன் கடைசி நொடியில் ஓடிப்போய் அறுத்து, அபூர்வமான பொருள் ஒன்றை எடுத்துவிட்டான். ஊர்த் தெருப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “தோல் உரிக்கிறதுன்னா ஒனக்குச் சொல்லியா குடுக்கணும்?”

நால்வரில் இருவர் சிரித்தார்கள். இவன் போனை அணைத்துவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் வரவில்லை.

சொன்னவனும் அதே தோலைத்தான் அதே நிமிடத்தில் உரித்துக்கொண்டிருந்தான் என்பதைக் கவனியுங்கள். திரையில் இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. ஒருவனுக்கு அது வீரம், இன்னொருவனுக்கு அது பிறப்பு. சாதி எப்படி வேலை செய்கிறது என்று இதைவிடச் சுருக்கமாக எந்த வகுப்பிலும் நான் கற்றதில்லை. இழிவு வேலையில் இல்லை. வேலையைச் செய்யும் ஆளின் மேல் அது முன்கூட்டியே ஒட்டப்பட்டிருக்கிறது.

அவன் வராததற்கு அந்தச் சொல் மட்டும் காரணம் இல்லை என்று வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். துப்புரவு, தோல் உரித்தல், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. 1977-78இல் தொடங்கிய திட்டம். பத்தாம் வகுப்பு வரை கிடைக்கும். அப்பா இந்தத் தொழில் செய்கிறார் என்ற சான்றிதழை இணைக்க வேண்டும். திட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரிலேயே ‘அசுத்தமான தொழில்கள்’ என்ற சொல் இருந்தது. பிறகு பெயரை மாற்றினார்கள். நம் பக்கத்தில் ‘சுகாதாரமற்ற தொழில்’ என்றுதான் இன்றும் புழங்குகிறது. அந்தப் படிவத்தை வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

“எனக்கு அந்தக் காசு வேணாங்க்கா” என்றான். “அப்பா தொழில்ங்கிற எடத்துல கூலின்னு எழுதிக்கிறேன்.”

இந்த இடத்தில் நம்மைப் போன்றவர்கள் சொல்லும் பதில்கள் இரண்டு. முதல் பதில்: எந்த வேலையும் இழிவில்லை, பெருமையாகச் சொல். இந்தப் பதிலை நமக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவர்கள். மலம் அள்ளுவது உன்னதமான தொண்டு என்ற காந்தியின் பேச்சை அண்ணல் அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் கடுமையாகச் சாடினார். அந்த உபதேசம் அள்ளுகிறவர்களிடம் மட்டும் செய்யப்படுகிறது, மற்றவர்களிடம் செய்யப்படவில்லை என்பதுதான் அவருடைய வாதத்தின் மையம். இரண்டாவது பதில்: விட்டுவிடு, தொடாதே. 1927 மார்ச்சில் மகாத் மாநாடு அதைத்தான் சொன்னது. செத்த மாட்டை இழுக்காதீர்கள், அதன் இறைச்சியைத் தின்னாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

நான் இரண்டாவது பதிலின் பக்கம். ஆனால் அதைச் சொல்லும்போது தாத்தாவின் கையில் இருந்த அறிவையும் சேர்த்து அசிங்கம் என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அப்படிப் போட்டால், சாதி சொன்னதை நாமே நம் வாயால் திருப்பிச் சொன்னதாகிவிடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எப்படி என்று எனக்குக் காட்டியது எந்தப் புத்தகமும் அல்ல. அந்தப் பையனின் அப்பா.

நான்காம் நாள் அவரே மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்று பார்த்தவர் சிரித்துவிட்டார். “என்னப்பா இது, நடு முதுகுல கத்திய எறக்குறான்? தோலு எதுக்கு ஆவும்?” பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வயிற்றுப் பக்கம் நடுவில் நேர்கோடாகக் கீறித்தான் தொடங்க வேண்டும், காலைச் சுற்றி எங்கே வெட்ட வேண்டும், கத்தியைவிடக் கைமுட்டியை ஏன் அதிகம் பயன்படுத்த வேண்டும், ஒரு ஓட்டை விழுந்தால் விலை எப்படி இறங்கும் என்று பத்து நிமிடம் சொன்னார். கேலி செய்த பையனும் வாய் திறந்து கேட்டான். “அப்ப கேம்ல காட்டுறது தப்பாண்ணே?” என்றான். அந்த ‘அண்ணே’ அங்கே சாதாரணமாக விழும் சொல் அல்ல.

போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: “தொழிலச் சொல்லித் தரச் சொல்லு, நூறு பேருக்குச் சொல்லித் தர்றேன். எம்மவன் மட்டும் இதத் தொடக் கூடாது தாயி. அவன் தொட்டா அது தொழிலு இல்ல, சாதி.”

இதற்கு மேல் ஒரு கோட்பாடு எனக்குத் தேவைப்படவில்லை.

அன்றிரவு எனக்கு ஜப்பான் நினைவுக்கு வந்தது. முதுகலையில் ‘சமூக அடுக்கு’ பாடத்தில் புராகுமின் மக்களைப் பற்றி ஒரு பக்கம் வரும். தோக்குகாவா ஆட்சிக் காலத்தில், செத்த மாட்டையும் குதிரையையும் அப்புறப்படுத்துவது, தோல் பதனிடுவது, தண்டனையை நிறைவேற்றுவது இதெல்லாம் பிறப்பால் விதிக்கப்பட்ட மக்கள். ‘அழுக்கு மிகுந்தவர்’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கப்பட்டார்கள். தனிக் குடியிருப்பு. சாமுராய்களின் கவசத்துக்குத் தோல் வேண்டும் என்பதால் போர்த்தலைவர்கள் இவர்களைக் கோட்டைகளுக்கு அருகே குடியமர்த்தினார்கள். கவசம் போட்டவன் வீரன். தோலைக் கொடுத்தவன் தீண்டத்தகாதவன்.

1871இல் அரசாணை போட்டு அந்த நிலையை ஒழித்தார்கள். பாகுபாடு ஒழியவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற இயக்கத்தை அந்த மக்களே தொடங்கினார்கள். சமன் செய்வோர் சங்கம் என்று சொல்லலாம். மகாத்துக்கு ஐந்து ஆண்டு முன்னால். 1975இல் இன்னொன்று வெளியே வந்தது. புராகு குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியலை ரகசியமாக அச்சடித்து நிறுவனங்களுக்கு விற்றிருக்கிறார்கள். வேலைக்கு வருகிறவன் எந்த ஊர் என்று பார்த்து ஒதுக்குவதற்கு. நம் ஊரில் ‘நீங்க எந்தத் தெரு?’ என்று கேட்பார்களே, அதை அவர்கள் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். புராகு பாகுபாட்டை ஒழிப்பதற்கான சட்டம் 2016இல்தான் வந்தது.

ஒசாகாவின் நானிவா வட்டாரம் பழைய தோல் தொழில் மையம். ஜப்பானின் பெருமுரசான தைக்கோவைக் காலங்காலமாகச் செய்துவந்த புராகு மக்கள் அங்கே இருக்கிறார்கள். செய்கிறவர்களுக்கு ஒதுக்குதல், அடிக்கிறவர்களுக்குக் கைதட்டல் என்ற நிலையை மாற்ற, 1987இல் அங்குள்ள இளைஞர்களே ஒரு முரசுக் குழுவைத் தொடங்கினார்கள். பெயர் ‘இகாரி’. கோபம் என்று பொருள். பறையைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறும் நம் தோழர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் புத்தகம் எழுதியபோது, கலாக்ஷேத்ரா அரங்கில் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதி திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

மான்ஸ்டர் ஹண்டரை உருவாக்கிய நிறுவனம் இருப்பது நானிவாவுக்கு அடுத்த வட்டத்தில். இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அந்த விளையாட்டைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. நான் சொல்வது வேறு. செத்த மிருகத்தைத் தொட்டவனை ஒதுக்கிய நாட்டில், செத்த மிருகத்தைத் தொடுவதே பெருமை என்ற விளையாட்டு லட்சக்கணக்கில் விற்றது. வாங்கி ஆடியவர்கள் யாருக்கும் அருவருப்பு வரவில்லை. அருவருப்பு இயற்கையானது, தோல் நாற்றத்தால் வந்தது என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில்.

அந்த விளையாட்டு சமத்துவபுரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதைக் கண்டுபிடித்தது எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. வேட்டைக்காரர் மயங்கி விழுந்தால், பூனை மாதிரியான சின்ன உயிர்கள் வந்து அவரைத் தள்ளுவண்டியில் போட்டு இழுத்துப்போய் முகாமில் கொட்டிவிட்டுப் போகும். வேட்டைக்காரர் வீட்டில் சமைப்பதும் அந்தப் பூனைகள்தான். “அக்கா, வண்டி இழுக்கிறது மட்டும் ஏன் எப்பவும் பூனைங்களே?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

அடுத்த வாரம் படிப்பகத்தில் நான் எடுத்தது சட்டம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, செத்த விலங்கை அப்புறப்படுத்தவோ தோல் உரிக்கவோ ஒருவரைத் தீண்டாமையின் பேரில் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மனித உடலை அல்லது விலங்கின் உடலைச் சுமக்க, அகற்ற, குழி தோண்டச் செய்வது 3(1)ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ‘வழக்கமா அவங்கதானே செய்வாங்க’ என்பது பதில் ஆகாது. அந்த வழக்கத்தைத்தான் சட்டம் குற்றம் என்கிறது.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2002 அக்டோபர் 15 அன்று ஹரியானாவின் ஜஜ்ஜார் அருகே துலினாவில், மாட்டைக் கொன்றதாகச் சொல்லி ஐந்து தலித்துகளை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனா வட்டத்தில், செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்து, அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். பிறகு நடந்ததுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். சுரேந்திரநகரில் தலித் மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிவந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். இனி தூக்க மாட்டோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்தார்கள். நிலம் கேட்டார்கள். வேலையை நிறுத்தியபோதுதான், அந்த வேலை எவ்வளவு அவசியமானது என்று ஊருக்குத் தெரிந்தது.

படிவம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். முடிவை அவனிடமே விட்டோம். அவன் அப்பா ஒரே வாக்கியம் சொன்னார்: “எங்கப்பாவுக்கு ஊரு தராத கூலி, வாங்கிக்க.” சான்றிதழை இணைத்தான். தொழில் என்ற இடத்தில் உள்ளதை எழுதினான். ஆனால் வகுப்பறையில் கொடுக்கவில்லை. தலைமையாசிரியர் அறையில் நேரில் கொடுத்தான். இந்தப் படிவங்களை இனி வகுப்பில் பெயர் வாசித்துக் கொடுக்கக் கூடாது, பெற்றோரிடம் நேரில் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் மனு கொடுத்தோம். அந்தப் பள்ளி ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்ற பள்ளிகளுக்கும் கொடுக்கப்போகிறோம்.

கேலி செய்த பையன் இன்னும் படிப்பகத்துக்கு வருகிறான். இவனும் வருகிறான். இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். நட்பாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரே திண்ணையில் உட்கார்கிறார்கள், இப்போதைக்கு அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களிடம் இரண்டு வேலைகள் கேட்கிறேன். உங்கள் ஊரில் மாடு செத்தால் யார் தூக்குகிறார்கள், கூலி என்ன, மாட்டேன் என்று அவர் சொன்னால் என்ன நடக்கும் என்று விசாரித்து எழுதுங்கள். ஊராட்சியோ பேரூராட்சியோ வண்டியும் பணியாளரும் வைத்திருக்கிறதா, அந்தப் பணியாளர் எல்லாச் சாதியிலிருந்தும் வருகிறாரா என்று மனுப் போட்டுக் கேளுங்கள். அடுத்து, உங்கள் தெருவில் தோல் வேலை தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தக் கத்தியைத் தொடாமல் வளர வேண்டும். ஆனால் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குரும்பலூரில் இந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் தொடங்குகிறோம். முதல் பெயர்களைச் சொல்லப்போகிறவர் அந்தப் பையனின் அப்பா. எழுதிக்கொள்ளப் போகிறவன் அவன்தான்.